டயட்டீஷியனுக்கும் டீச்சர் ட்ரெய்னிங் வேண்டும்!

வணக்கம் மக்களே! இன்று சமையல் குறிப்பு கிடையாது, ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன். எங்கள் பெங்களூரு ஆஸ்பத்திரியில், இன்டர்ன்களைக் கவனித்துக்கொள்ளும் டயட்டீஷியன்களுக்கு, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒருவழியாகப் பயிற்சி வைத்துவிட்டார்கள். இதற்காக நான் எத்தனை வீடியோவில் கத்தியிருக்கிறேன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்.

புதிதாக வந்தவர்களுக்கு: இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷனின் ஆர்.டி. (ரெஜிஸ்டர்ட் டயட்டீஷியன்) தேர்வு எழுத, ஆஸ்பத்திரியில் 6 மாத இன்டர்ன்ஷிப் வேண்டும். அந்தப் பிள்ளைகள் எங்கள் கூடத்தான் வார்டு சுற்றுவார்கள். நன்றாக டயட் சார்ட் போடுகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தானாக வந்துவிடும் என்று ஒரு நினைப்பு இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பயிற்சியில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்-மினிட் பிரிசெப்டர் முறை, அதாவது வேலைக்கு நடுவிலேயே சீனியர் ஒருவர் சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்கிற முறை. 1992இல் அமெரிக்காவில் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் வெளியிட்டது. முதலில் ‘நீ என்ன முடிவு பண்ணினே?’ என்று கேட்க வேண்டும். அப்புறம் ‘ஏன்?’ பிறகு பொதுவான ஒரு விதி, சரியாகச் செய்ததற்குப் பாராட்டு, கடைசியில்தான் திருத்தம். நம் ஊர் சீனியர்கள் பலர் திருத்தத்தில்தான் ஆரம்பிப்பார்கள், அதுவும் பேஷன்ட் எதிரிலேயே!

போன வாரம் ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், நம் தமிழ் அம்மா. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. ஆங், சொல்ல விட்டுவிட்டேன், அவர் டயாலிசிஸ் பேஷன்ட், கிட்னியால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. என் மாணவி பாடத்தில் உள்ளபடி, “கீரையை நிறைய தண்ணியில வேகவெச்சு, தண்ணியைக் கொட்டிடுங்கம்மா” என்றாள். அந்த அம்மா, “அந்தத் தண்ணியிலதானே கண்ணு பஸ்ஸாரு வெப்பேன்?” என்றார்.

சென்னைக்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கீரையும் பருப்பும் வெந்த தண்ணீரை வடித்து, அதிலேயே வைக்கிற குழம்புதான் பஸ்ஸாரு. ராகி முத்தைக்கு, அதாவது ராகிக் களி உருண்டைக்கு, அதுதான் ஜோடி. கீரையிலிருந்து இறங்கிய பொட்டாசியம் முழுக்க அதில்தானே இருக்கும்!

மாணவி என்னைப் பார்த்தாள். நான் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வாரத்துல எத்தனை நாள் வெப்பீங்கம்மா? எவ்வளவு ஊத்திக்குவீங்க?” என்று அவளே கேட்டாள். வெளியே வந்ததும், எப்படிச் சமைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எதை நிறுத்தச் சொல்வது என்று முடிவு பண்ண வேண்டும் என்றேன். அளவு கேட்டதைப் பாராட்டினேன். ஆனால் தாளில் ‘ஒரு கிண்ணம்’ என்று எழுதியிருந்தாள். எந்தக் கிண்ணம்? அதைத் திருத்தினேன்.

அதற்காகத்தான் சிக்பேட்டையில் இந்தக் கிண்ணங்களை வாங்கினேன், பாருங்கள். கடைக்காரர் செட் 650 என்றார். பேரம் பேசி 480க்கு முடித்தேன்! வீட்டுக்கு வந்து அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால், 200 மில்லி என்று கொடுத்த கிண்ணம் 170தான் பிடிக்கிறது. எனக்கு வந்த கோபம்! அடுத்த நாளே போய் மாற்றிக்கொண்டுதான் வந்தேன். இப்போது ஒவ்வொன்றின் அடியிலும் சரியான அளவை பெயின்ட்டால் எழுதியிருக்கிறேன். பேஷன்ட் முன்னால் வரிசையாக வைத்து, ‘இதுல எதும்மா?’ என்று கேட்டால் போதும். முந்தைய 24 மணி நேரத்தில் பேஷன்ட் என்னென்ன சாப்பிட்டார் என்று இன்டர்ன் எடுக்கிற கணக்கு எவ்வளவு துல்லியமாகிவிடுகிறது தெரியுமா?

பயிற்சி மட்டும் போதாது. அதே பேஷன்ட் கூட்டம், அதே ரவுண்ட்ஸ், அதே கிச்சன், அதற்கு மேல் இரண்டு மாணவிகள் என்றால் எங்கே உட்கார்ந்து பேசுவது? ஒரு பிள்ளை தடுமாறுகிறாள் என்றால் காலேஜில் யாரைக் கூப்பிடுவது என்றுகூட எங்களுக்குச் சொல்வதில்லை. மதிப்பெண் தாள் மட்டும் கடைசி வாரம் வந்து சேரும். பாதியிலேயே ஒருமுறை காலேஜ் ஆசிரியரும் நாங்களும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்தால், திருத்திக்கொள்ள அவளுக்கு மூன்று மாதம் மிச்சம் இருக்கும்.

இன்னொன்று, இதை எப்படி மறந்தேன்! புதன்கிழமை மதியம் இரண்டரையிலிருந்து மூன்று வரை இன்டர்ன்களோடு பேச என்று எங்கள் டியூட்டி ரோஸ்டரிலேயே போட்டுவிட்டார்கள். அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள், போட்டோ இதோ. உங்களில் யாராவது இன்டர்ன்களைக் கவனிக்கிறீர்கள் என்றால், இந்த அரை மணி நேரத்தை உங்கள் ஆஸ்பத்திரியிலும் எழுத்தில் கேளுங்கள். நான் அனுப்பிய கடிதத்தைக் கீழே போடுகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.