மூன்றாவது சரளியில் பிள்ளைகள் இடறுவது ஏன்?

வணக்கம். பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளை இருக்கிற வீட்டில் சாயங்காலமானால் "உட்கார், சாதகம் பண்ணு" என்ற சத்தம் கேட்கும். பிள்ளையும் உட்காரும். கர்நாடக சங்கீதத்தில் முதலில் சொல்லித்தரும் ஸ்வரப் பயிற்சிதான் சரளி வரிசை; அதில் முதல் சரளியில் தொடங்கி ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டு "ஆச்சும்மா" என்று எழுந்துவிடும். அரை மணி நேரம் பாடியாயிற்று, ஆனால் போன வாரம் தப்பிய இடம் இந்த வாரமும் தப்புகிறது. பாட்டு சொல்லிக்கொடுக்கிற எங்களுக்கு இது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ஓர் இடத்தை மட்டும் காட்டுகிறேன். மூன்றாவது சரளி வரிசை: ஸ ரி க ஸ ரி க ஸ ரி. இப்போது என் கையைப் பாருங்கள், ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. முதல் ஸ தட்டில் விழுகிறது. இரண்டாவது ஸ எங்கே? நடு விரலில். மூன்றாவது, கடைசித் தட்டில். வாய் மும்மூன்றாகப் போகிறது, கை நாலும் இரண்டும் இரண்டுமாகப் போகிறது. ஸ வந்தாலே பிள்ளைக்குத் தட்டத் தோன்றும். தட்டியதும் தாளம் போச்சு. உடனே நாம், "திரும்ப முதல்லேர்ந்து பாடு" என்போம். நன்றாக வருகிற முதல் இரண்டு வரிசையையும் மறுபடி பாடி, தப்புகிற இடத்துக்கு வருவதற்குள் பிள்ளை களைத்திருக்கும்.

அதனால் இந்த எட்டு ஸ்வரத்தை மட்டும் பிடியுங்கள். சுருதிப் பெட்டி ஓடட்டும். முதலில் பாட வேண்டாம். ஸ்வரத்தைப் பேச்சாகச் சொல்லிக்கொண்டே தாளம் போடட்டும். நடு விரலில் ஸ வரும்போது விரலைப் பார்க்கச் சொல்லுங்கள். அது நின்றதும் முதல் காலத்தில், அதாவது ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரமாக, பாடட்டும். இரண்டாம் காலத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்வரம், கையின் வேகம் அப்படியே இருக்க வேண்டும். கையும் சேர்ந்து ஓடினால் அது இரண்டாம் காலமே இல்லை. இடறாமல் வந்துவிட்டதா? பிள்ளையை விளையாட விடுங்கள், பத்து நிமிடம்தான் ஆகியிருந்தாலும் சரி.

"எனக்குப் பாட்டே தெரியாதே" என்கிற அப்பா அம்மாவுக்கும் வேலை உண்டு. நீங்கள் தாளம் போடுங்கள், பிள்ளை பாடட்டும். நடுவில் வேண்டுமென்றே ஒரு விரலை விட்டுவிடுங்கள். கண்டுபிடிக்கிறதா பாருங்கள். பெரியவர்கள் தப்பைப் பிடிப்பதென்றால் எந்தப் பிள்ளைக்கும் கொண்டாட்டம்!

அடுத்து, சலிப்பு. மாதக்கணக்கில் ஒரே மாயாமாளவகௌளை, சரளியெல்லாம் பாடுகிற ராகம். புரந்தரதாசர் காலத்திலிருந்து வருகிற வழக்கம் என்பார்கள்; எட்டு வயதுப் பிள்ளைக்கு அதனால் என்ன? அதே ராகத்தில் இளையராஜா சினிமாப் பாட்டு போட்டிருக்கிறார். பெயரை நான் சொல்லப் போவதில்லை. வீட்டில் இளையராஜா பாட்டைப் போட்டுவிட்டு, "இதில் உன் சரளி எங்கேயாவது கேட்கிறதா?" என்று கேளுங்கள். காது தேட ஆரம்பித்துவிடும்.

மார்கழியில் சென்னையில் இருந்தால் சபாக்களின் மதியக் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பல இடங்களில் டிக்கெட் கிடையாது, பாடுவதும் பெரும்பாலும் இளைஞர்கள். தன்னைவிடச் சில வயதே மூத்த அக்கா சரளியெல்லாம் தாண்டி வர்ணம் பாடுவதைப் பார்த்தால் உங்கள் பெண்ணுக்குத் தானாக ஆசை வரும். ஆனால் கடைசி வரை உட்கார வைக்காதீர்கள். இரண்டு பாட்டு, அப்புறம் நேராகக் கேன்டீன். போட்டிக்குப் போட்டி மேடையேற்றிக் கோப்பை சேர்க்கும் அவசரம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. போட்டிப் பாட்டை மட்டும் உருப்போட்ட பிள்ளைகள் அலங்காரம் என்கிற தாளப் பயிற்சி புதிதாக ஒன்று வந்தால் திணறுகிறார்கள்.

பையன்களைப் பெற்றவர்களுக்கு ஒன்று. பன்னிரண்டு, பதின்மூன்று வயதை ஒட்டி மகரக்கட்டு வரும், குரல் உடையும். பல பையன்கள் பாட்டை விடுவது அந்தச் சமயத்தில்தான். பழைய கட்டையிலேயே, அதாவது பழைய சுருதியிலேயே, மேல் ஸ்தாயியைப் பிடிக்கச் சொல்லாதீர்கள். ஆசிரியரிடம் கேட்டுச் சுருதியை இறக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் கொஞ்ச நாள் வயலினோ மிருதங்கமோ கற்கட்டும். தாளமும் காதும் கைவிட்டுப் போகாது.

இன்று சாயங்காலம் அந்த எட்டு ஸ்வரத்தைப் போட்டுப் பாருங்கள். எந்த விரலில் இடறுகிறது என்று எழுதுங்கள். அடுத்த வீடியோவில், ஸ்வரங்கள் இரட்டையாக வரும் ஜண்டை வரிசை.