பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: தமிழ்த் தட்டச்சு வேலைக்காக நான் மாறியது எப்படி

அனைவருக்கும் வணக்கம். மேசையின்மேல் நீங்கள் பார்க்கும் இந்தக் கறுப்பு லேப்டாப்பைச் சென்ற மாதம் சென்னை ரிச்சி தெருவில் 15,500 ரூபாய்க்கு வாங்கினேன். 2017-இல் வெளியான லெனோவோ திங்க்பேட் டி470 இது. ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசசர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பதிப்பகங்களுக்குத் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், கணினி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். இதை வாங்கியதையும், இதிலிருந்த விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்துக்கு மாறியதையும் இன்று முழுமையாகச் சொல்கிறேன்.

முதலில், ஏன் ஏழாம் தலைமுறை என்ற கேள்விக்கு வருகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ இன்டெல் ப்ராசசர்களில், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏற்கிறது. இந்தக் கணினியில் அது கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு சிப் இருந்தும், ப்ராசசர் ஒரு தலைமுறை முந்தியது என்பதால் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அதனால் விலை இறங்குகிறதே தவிர, கணினியின் உழைப்பு குறைவதில்லை. எட்டாம் தலைமுறையில் இந்த வகை ஐ5-க்கு நான்கு கோர்கள், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள், வந்தன, இதில் இரண்டுதான் என்பது உண்மை. வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் கூடுதல் பணம் கொடுத்து எட்டாம் தலைமுறையையே வாங்குங்கள். எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் இரண்டு கோர்கள் தாராளமாகப் போதும் என்பதை ஒரு மாதமாக நாள்தோறும் பார்த்துவருகிறேன்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த வீடியோவிலேயே உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. கடைக்குப் போகும்போதே லினக்ஸ் எழுதிய பென்டிரைவை எடுத்துச் செல்லுங்கள். 8 ஜிபி பென்டிரைவ் போதும். வேறொரு கணினியில் மின்ட்டைத் தரவிறக்கி, ரூஃபஸ் போன்ற செயலியால் அதில் எழுதிக்கொள்ளலாம். கடையில் பென்டிரைவைச் செருகி, கணினியை இயக்கியவுடன் எஃப்12 விசையை அழுத்தி அதைத் தேர்ந்தெடுத்தால், வட்டில் எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் திறந்துவிடும். நிறுவிய பிறகு வைஃபை வருமா, ஒலி வருமா, கேமரா வேலை செய்யுமா என்று வீட்டில் உட்கார்ந்து கவலைப்பட வேண்டியதில்லை. கடைக்காரர் முன்னிலையிலேயே விடை தெரிந்துவிடுகிறது. மூடியை மூடித் திறந்து, உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழுகிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள்.

அந்தப் பென்டிரைவ் என்னை ஓர் இழப்பிலிருந்தும் காப்பாற்றியது. முதலில் நான் ஏறிய கடையில், வேறொரு லேப்டாப்பைக் காட்டி, எஸ்எஸ்டி புதிதாகப் போட்டது என்று உறுதியாகச் சொன்னார்கள். மின்ட்டில் டிஸ்க்ஸ் என்னும் செயலியைத் திறந்து வட்டு தன்னைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தபோது, அது 19,400 மணி நேரம் ஓடியிருப்பது தெரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இரவு பகல் இடைவிடாமல் ஓடியதற்குச் சமமான கணக்கு அது. திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினேன். அதற்கு மேல் பேச எதுவும் இல்லாததால் வெளியே வந்துவிட்டேன். பழைய வட்டை விற்பதில் தவறில்லை, பழையது என்று சொல்லித்தான் விற்க வேண்டும். வாங்குகிறவர்களில் பலர் சேமித்த பணத்தை எண்ணிக் கொண்டுவரும் மாணவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது கடையில் இந்த லேப்டாப்பைப் பார்த்தேன். டி470-இல் இரண்டு பேட்டரிகள் இருக்கும்: உள்ளே ஒன்று, கீழே கழற்றி மாட்டக்கூடியதாக ஒன்று. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் யூபவர் கட்டளை கொடுத்தால், ஒவ்வொரு பேட்டரியும் புதிதாக இருந்தபோது எவ்வளவு தாங்கியது, இன்று எவ்வளவு தாங்குகிறது என்று இரண்டு எண்களையும் காட்டும். 24 வாட்-மணி இருக்க வேண்டிய உட்பேட்டரியில் 19 இருந்தது. வெளிப்பேட்டரியில் 11-தான் இருந்தது. அந்த எண்ணைச் சொல்லி 1,000 ரூபாய் குறைக்கக் கேட்டேன், குறைத்தார்கள். அடுத்து எஃப்1 அழுத்தி, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போனேன். அந்த அமைப்புகளைப் பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு அங்கே போட்டிருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். நிறுவனங்கள் மொத்தமாகக் கழித்த கணினிகளில் இது நீக்கப்படாமல் வந்துவிடுவது உண்டு. திங்க்பேடில் சிறிய காசு பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அது அழியாது. பயாஸில் தெரியும் சீரியல் எண்ணும், அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள எண்ணும், பில்லில் எழுதிக் கொடுக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் இல்லாத கணினி யாருடையது என்று நமக்குத் தெரியாது.

நிறுவுவது அரைமணி நேர வேலைதான், அதை விவரிக்கத் தேவையில்லை. நான் போட்டிருக்கும் மின்ட் 22, உபுண்டு 24.04 என்னும் மற்றொரு லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்பு மேம்படுத்தல்கள் வரும். ஒரே எச்சரிக்கை: நீங்கள் இதுவரை பயன்படுத்திவந்த கணினியின் வட்டு, விண்டோஸின் பூட்டுக் கருவியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளாமல் எதையும் தொடாதீர்கள்.

தமிழ்த் தட்டச்சுக்கு வருகிறேன். ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பையும் நிறுவினால், தமிழ்99, ஒலிப்பு முறை, பழைய தட்டச்சுப்பொறி முறை என்னும் விசைப்பலகை முறைகள் எல்லாம் ஒரே பட்டியலில் கிடைக்கின்றன. நான் தமிழ்99 பழகியவள். இதோ பாருங்கள், ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே விசைகள். நடுவிலுள்ள புள்ளி தானாக விழுகிறது. விரல்கள் எதையும் புதிதாகப் பழக வேண்டியிருக்கவில்லை.

பழக வேண்டியிருந்தது கோப்புகள் விஷயத்தில்தான். பதினைந்து ஆண்டுகளாக நான் அடித்தவற்றில் பாதி, பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்தக் கோப்புகளுக்குள் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியெண்கள்; எழுத்துருதான் அவற்றின்மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகிறது. ஆகவே புதிய கணினியில் திறந்தவுடன் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தபோது நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. பழைய கணினியிலிருந்து எழுத்துருக் கோப்பை எடுத்து இதில் நிறுவியதும் லிப்ரே ஆபிஸ் என்னும் எழுத்துச் செயலியில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தன. ஆனாலும் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அடுத்த பத்தாண்டுகளும் ஓர் எழுத்துருவின் தயவில் என் உழைப்பு இருக்கக்கூடாது என்று முடிவெடுத்து, தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியெண்கள் கொண்ட யூனிகோடுக்கு ஒவ்வொன்றாக மாற்றிவருகிறேன்.

மாற்றும் கருவிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பாமினியில் ‘கௌ’ என்பது ஒற்றைக்கொம்பு, க, ள என்று மூன்று துண்டுகளாக இருக்கும். கடைசித் துண்டு ஔகாரக் குறியா, ளகர எழுத்தா என்பது கருவிக்குப் பல நேரங்களில் தெரிவதில்லை. திரையில் இந்த இரண்டு வரிகளையும் பாருங்கள். மேலே ‘கௌரி’, கீழே ‘கெளரி’. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், தேடினால் ஒன்று மற்றொன்றில் அகப்படாது. ‘ஔவையார்’ ‘ஒளவையார்’ ஆவதும் இப்படித்தான். ஆகவே ஒவ்வொரு கோப்பை மாற்றியதும் கெள, மெள, செள, ஒள என்று தனித்தனியாகத் தேடி, அந்தந்த இடத்தைப் படித்துப் பார்த்தே திருத்துகிறேன். ‘கெளுத்தி மீன்’ சரியான சொல் என்பதால், எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றினால் புதிய பிழை முளைக்கும்.

யார் மாறக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டேலியில் கணக்கு எழுதுபவர்கள், இன்டிசைனில் பக்கம் வடிவமைப்பவர்கள் விண்டோஸிலேயே இருங்கள்; அவை லினக்ஸில் நேரடியாக ஓடுவதில்லை. பக்க வடிவமைப்பை வேறொருவர் செய்வதால், நான் யூனிகோடு கோப்பை அனுப்பிவிட்டால் போதும். பிரிண்டரையும் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள். சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கு டிரைவர் கிடைப்பது கடினம். என் வீட்டிலுள்ளது இணைத்தவுடன் வேலை செய்தது.

புதிய வெளிப்பேட்டரிக்குச் சொல்லியிருக்கிறேன், இந்த வாரம் வந்துவிடும். கோப்புகளில் இன்னும் 14 பாக்கி. அவற்றுள் பெரியது ஔவையாரின் பாடல்களுக்கான உரை நூல், 300 பக்கத்துக்கு மேல் போகும். இன்று மாலை அதைத்தான் எடுக்கப்போகிறேன்.