முட்டி உள்ளே மடங்கும் நொடி

(உடற்கல்வி மாணவ மாணவியரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

பெண்கள் கால்பந்து அணியில் உடற்பயிற்சி அறிவியலாளராக இருக்கிறேன் என்று சொன்னால், "ஃபிசியோவா, கோச்சா?" என்றுதான் கேட்பார்கள். இரண்டும் இல்லை. எப்படி ஆட வேண்டும் என்று சொல்பவர் கோச். அடிபட்டால் தேற்றுபவர் ஃபிசியோ. ஒரு பெண்ணின் உடம்பு இந்த வாரம் எவ்வளவு பயிற்சி தாங்கும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வது என் வேலை.

முதல் சிக்கல் நான் படித்த பாடத்திலேயே இருந்தது. 2014 முதல் 2020 வரை வெளியான 5,000-க்கும் மேற்பட்ட விளையாட்டு அறிவியல் ஆய்வுகளை ஒரு குழு எண்ணிப் பார்த்தது. ஆண்களை மட்டும் வைத்துச் செய்தவை 31 சதவீதம். பெண்களை மட்டும் வைத்துச் செய்தவை வெறும் 6. இங்கிலாந்தில் 1921-ல் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்று கால்பந்து சங்கம் போட்ட தடை நீங்கவே ஐம்பது வருடம் ஆனது. ஆடவே விடாதவர்களை யார் அளந்து பார்ப்பார்கள்?

முட்டி விஷயத்துக்கு வருகிறேன். முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடித்திருக்கும் ஏசிஎல் ஜவ்வு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கால்பந்தில் அது கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2022-23 சீசனில் லண்டனின் ஆர்சனல் பெண்கள் அணியில் மட்டும் நான்கு பேருக்குக் கிழிந்தது. அவர்களில் இங்கிலாந்து கேப்டன் லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் மீடெமா மூவரும் 2023 உலகக் கோப்பையில் ஆட முடியவில்லை. யாரும் இடிக்காமலே பல நேரம் இது நடக்கிறது. ஓடிவந்து சட்டென்று திரும்புவார்கள், அல்லது ஹெட்டருக்கு எம்பி ஒற்றைக்காலில் இறங்குவார்கள். அவ்வளவுதான்.

என்னிடம் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. ஒரு அடி உயரம். புதிதாக வரும் பெண்ணை அதன்மேல் ஏறிக் குதிக்கச் சொல்லி, முன்னால் உட்கார்ந்து செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுப்பேன். பாதம் தரையைத் தொட்டதும் முட்டி கால்விரலுக்கு நேராக நிற்க வேண்டும். பல பெண்களுக்கு இரண்டு முட்டிகளும் ஒன்றையொன்று தேடிப் போவதுபோல உள்ளே மடங்கும். ஒரு நொடிகூட ஆகாது. வீடியோவைக் காட்டினால் அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும். "அக்கா, நான் இப்படியா இறங்குறேன்?" இடுப்புத் தசையும் பின்தொடைத் தசையும் வலுவாகி, இறங்கும் விதமும் பழகினால் இது மாறும். மாறுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதற்குப் பெரிய ஜிம் எதுவும் வேண்டாம். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் பெயரில் 'ஃபிஃபா 11+' என்று ஒரு வார்ம்-அப் இருக்கிறது. மூன்று பகுதி, 15 பயிற்சி, 20 நிமிடம். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,892 பெண்களை வைத்து ஒரு சீசன் முழுக்கச் சோதித்தார்கள். அதைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. நம் ஊரில் அந்த 20 நிமிடம்தான் முதலில் வெட்டுப்படுகிறது. மைதானம் கிடைப்பதே ஒரு மணி நேரம், அதில் வார்ம்-அப்புக்கு எங்கே போவது என்பார்கள். அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம் சாப்பாடு. ஒரு முகாமில் நடுக்களத்தில் ஆடும் ஒரு மிட்ஃபீல்டர். முதல் பாதியில் மைதானம் முழுக்க அவள்தான். 60-வது நிமிடம் வந்தால் கால் நகராது. ஸ்டாமினா இல்லை, இன்னும் ஓடவிட வேண்டும் என்றார்கள். நான் காலையிலிருந்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். டீயும் இரண்டு பன்னும். மாதவிடாய் எப்போது வந்தது என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். நான்கு மாதமாக வரவில்லை. "நல்லதுதானே அக்கா, மேட்ச் நேரத்துல தொந்தரவு இல்ல" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்துகிறது, அதில் இதுவும் ஒன்று. அப்படியே விட்டால் எலும்பும் பலவீனமாகும். அவளை டாக்டரிடம் அனுப்பினோம். ஓட்டத்தைக் குறைத்து, முட்டை, கடலை, சாதம், பழம் என்று சாப்பாட்டைக் கூட்டினோம்.

2019 உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணியில் ஃபிட்னஸ் பயிற்சியாளர் டான் ஸ்காட் ஒவ்வொரு வீராங்கனையின் மாதச் சுழற்சியையும் கவனித்துக் குறித்துவைத்தார். அதைப் பார்த்து, இந்த நாளில் எல்லோரும் இந்தப் பயிற்சிதான் செய்ய வேண்டும் என்று அட்டவணை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருத்திக்கு முதல் நாள் எழுந்திருக்க முடியாது, இன்னொருத்தி அன்றைக்குத்தான் கோல் அடிப்பாள். அதனால் ஆளுக்கொரு நோட்டு. தூக்கம், வலி, சாப்பாடு, தேதி. அதை அவளும் நானும் மட்டும்தான் பார்ப்போம். அவள் சம்மதித்தால் கோச்சிடம் சொல்வேன், இல்லையென்றால் இல்லை. இந்த உறுதி கொடுக்காமல் எந்தப் பெண்ணும் உண்மையை எழுத மாட்டாள்.

2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன்ஷிப்பை வென்றது தமிழ்நாட்டுப் பெண்கள் அணி. மதுரையின் சேது எஃப்சி 2019-ல் இந்திய மகளிர் லீக்கையே வென்றது. அந்த வரிசையில் அடுத்து வரப்போகிற பெண்கள் இன்று ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில் செம்மண்ணில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு பி.இ.டி. டீச்சராகப் போகப்போவது நீங்கள்தான்.

சரி, பேச்சு போதும். பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். ஷூ போட்டுக்கொண்டு கிரவுண்டுக்கு வாருங்கள், இரண்டு இரண்டு பேராகக் குதிப்போம். ஒருவர் குதிக்க, மற்றவர் போனில் எடுங்கள்.