பாதிரியார் எழுதிய சரித்திரத்தை நம்பலாமா? நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர்

வணக்கம் நண்பர்களே. யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் சுவாமி ஞானப்பிரகாசரின் பெயரைச் சொல்கிறேன். "அவர் கத்தோலிக்கப் பாதிரியார்தானே, தன் சமயத்துக்காக வாதாடியவர்தானே, அவர் எழுதியதை எப்படிச் சரித்திரமாக எடுப்பது?" என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. இன்றைக்கு அதைப் பற்றியே பேசுவோம்.

சுவாமி 1875இல் மானிப்பாயில், சைவக் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் ஒரு கத்தோலிக்கரை மறுமணம் செய்த பிறகுதான் சுவாமி வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்தார். ரயில்வேயில் எழுதுவினைஞர் வேலை. அதை விட்டுவிட்டுக் குருமடம் போய், 1901இல் குருவானார். நல்லூர்தான் அவருடைய ஊர் என்று ஆகிவிட்டது. 1947இல் காலமானார்.

சமய வாதத்தில் அவர் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. மறுபிறப்புக் கொள்கையை மறுத்து நூல் எழுதினார். துண்டுப் பிரசுரங்கள் ஏராளம். ஆறுமுக நாவலர் காலத்தில் சைவருக்கும் கிறிஸ்தவருக்கும் இடையே சூடுபிடித்த கண்டனப் போர் யாழ்ப்பாணத்தில் அப்போதும் ஓயவில்லை. சைவர் பக்கமிருந்தும் பதில்கள் அச்சேறிக்கொண்டுதான் இருந்தன.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தின் பழைய சரித்திர நூலான, மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையை எடுத்துப் பாருங்கள். மன்னாரில் வேதக்காரரை, அதாவது கிறிஸ்தவர்களை, வெட்டியவனும் சங்கிலி, கடைசியில் பறங்கியரிடம், அதாவது போர்த்துக்கேயரிடம், பிடிபட்டவனும் அதே சங்கிலி. ஆனால் மன்னார்ப் படுகொலை நடந்தது 1544இல். யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619இல். இடையில் 75 வருஷம்! ஒரே அரசன் இரண்டிலும் இருந்திருக்க முடியுமா? சுவாமி போர்த்துக்கேய ஆவணங்களைப் பக்கத்தில் வைத்து, இவர்கள் இரண்டு சங்கிலிகள், இடையில் வேறு அரசர்களும் ஆண்டார்கள் என்று பிரித்துக் காட்டுகிறார். 1928இல் வந்த 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' முழுக்க இப்படிப்பட்ட வேலைதான். இதில் சமயம் எங்கே இருக்கிறது? ஆண்டுக் கணக்கு யாருக்கும் ஒன்றுதானே.

அந்த ஆவணங்களில் பெரும் பகுதி மிஷனரிகளின் கையெழுத்து. இலங்கையில் போர்த்துக்கேயரைப் பற்றிக் குவேறோஸ் பாதிரியார் 17ஆம் நூற்றாண்டில் எழுதிய பெரிய நூல் 1916இல்தான் கொழும்பில் அச்சாகி வெளிவந்தது. திருச்சபைக்குள் இருந்தவர் என்பதால் சுவாமிக்கு அந்த உலகம் பழக்கமானது. அது அவருடைய பலம்.

அதே இடத்தில்தான் கவனமும் வேண்டும். மன்னார்க் கதையை மிஷனரிகள் வேதசாட்சிகளின் கதையாக எழுதினார்கள். செத்தவர்கள் விசுவாசத்துக்காகச் செத்தார்கள், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அரசனின் பக்கத்திலிருந்து பாருங்கள்: தன் குடிகள் ஞானஸ்நானம் பெறுவதென்றால், போர்த்துக்கேயருடைய பாதுகாப்புக்குள் போவதென்றே அவனுக்குப் பட்டிருக்கும். அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. 1560இல் கோவாவிலிருந்து படை வந்தது, மன்னார் கைவிட்டுப் போனது. இந்த மாதிரி இடங்களில் நான் சுவாமியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

அதற்காக அவரை ஒதுக்குவதா? கூடவே கூடாது. தான் யார் என்பதை அவர் மறைக்கவே இல்லை. அங்கி போட்டுக்கொண்டுதான் எழுதினார். எந்த இடத்தில் உரசிப் பார்க்க வேண்டும் என்று வாசிக்கிற நமக்கே தெரிந்துவிடுகிறது. பொதுவான ஆள் மாதிரி எழுதிவிட்டு உள்ளுக்குள் கட்சி பிடிக்கிறவர்களை வாசிப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

வைபவமாலை, விமர்சனம் இரண்டுமே நூலகம் இணையத்தளத்தில் கிடைக்கும். சங்கிலி வருகிற பகுதிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். எந்த இடத்தில் சுவாமியோடு உடன்படவில்லை என்று கீழே எழுதுங்கள், அடுத்த காணொளியில் எடுத்துப் பேசுகிறேன்.