ஒரு வாளி தண்ணியை உறைய வைச்ச மந்திரவாதி ஏன் செத்தான்? ஃபேண்டஸி உலகத்தோட வெப்பக் கணக்கு

[திரை: ஒரு வாளித் தண்ணீர். அதன் மேல் நீட்டிய கை. தண்ணீர் உறைகிறது. கை சரிந்து விழுகிறது.]

பனி மந்திரவாதி ஒருத்தன் 10 லிட்டர் வாளித் தண்ணியை ஒரே மந்திரத்துல உறைய வைக்கிறான். தண்ணி கட்டியாயிடுச்சு. அடுத்த நொடியே ஆள் காலி! ஏன்? ஃபேண்டஸி கதை எழுதறவங்க, கேம் உருவாக்கறவங்க, ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து வைச்சுக்கோங்க. கணக்குப் போடப் போறோம்.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு, வேகமா. மந்திரமும் அறிவியலும் பிறவிப் பகையாளிங்கன்னு நாம நினைக்கிறோம். 1589ல டெல்லா போர்ட்டாங்கற இத்தாலியர், இயற்கை மந்திரத்தைப் பத்தின தன் நூலை 20 பாகமா விரிச்சு வெளியிட்டார். பூண்டு பட்டா காந்தத்தோட சக்தி போயிடும்னு அந்தக் காலத்துல ஒரு நம்பிக்கை. மனுஷன் பூண்டைத் தின்னுட்டு காந்தக்கல் மேல ஏப்பம் விட்டுப் பார்த்தார்! அப்புறம் கல் முழுக்கப் பூண்டுச் சாறு தடவினார். காந்தம் எப்பவும் போல இழுத்துச்சு. பாருங்க, மந்திர நூல் எழுதினவரே சோதனையும் பண்ணியிருக்கார். உங்க உலகத்துல மந்திரம் தினமும் பலிக்குதுன்னா, அங்கயும் யாராவது இப்படி ஏப்பம் விட்டுப் பார்த்திருப்பாங்க, அளந்து எழுதி வைச்சிருப்பாங்க.

சரி, வாளிக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

உறைய வைக்கறதுன்னா தண்ணியில இருக்கற சூட்டை வெளியே எடுக்கறது. 0 டிகிரியில இருக்கற 1 லிட்டர் தண்ணி பனிக்கட்டி ஆகணும்னா 334 கிலோஜூல் (சூட்டையும் மத்த ஆற்றலையும் அளக்கற அலகு) வெளியேறணும். பள்ளிக்கூடத்துல உள்ளுறை வெப்பம்னு படிச்சோமே, அதுதான். இப்ப இதைக் கேளுங்க: 1 லிட்டர் தண்ணியை 20 டிகிரியில இருந்து 100 டிகிரி வரைக்கும் காய்ச்சவும் கிட்டத்தட்ட இதே அளவு சூடுதான் வேணும்! ஒரு லிட்டரை உறைய வைச்சா, அந்தச் சூட்டுல பக்கத்துல இன்னொரு லிட்டர் கொதிக்க வந்துடும். அப்ப பனி மந்திரவாதியும் நெருப்பு மந்திரவாதியும் ஒரே ஆள். இடது கையில பனி, வலது கையில நெருப்பு. இவங்களைத் தனித்தனிக் குலமாப் பிரிச்சு சண்டை போட வைக்கறதைவிட இது எவ்வளவு அழகு!

[திரை: மனித உருவம், பக்கத்தில் வெப்பமானி]

எடுத்த சூட்டை நம்ம ஆள் வெளியே விடத் தெரியாம உடம்புக்குள்ளயே வாங்கிட்டான். 70 கிலோ உடம்பு 1 டிகிரி சூடேற சுமார் 245 கிலோஜூல் போதும். 10 லிட்டர்ல இருந்து வந்தது 3,340. உடம்பு 37ல இருந்து 50 டிகிரியைத் தாண்டிடும். 42 தொட்டாலே உயிருக்கு ஆபத்து. அந்தக் கணக்குப்படி 4 லிட்டர் உறையறதுக்கு முன்னாடியே அவன் கதை முடிஞ்சிருக்கும்.

தப்பிக்க வழி? சூட்டை வேற எங்கயாவது இறக்கணும். 100 கிலோ கருங்கல்லுக்குள்ள இறக்கினா, அதே வாளிக்குக் கல்லு 42 டிகிரி கூடுதலாச் சூடாகும். ஆள் பிழைச்சுக்குவான். ஆனா இனி அவன் போற இடமெல்லாம் வண்டி நிறையக் கல்லு போகணும். வண்டி இல்லாதப்ப அவனை மடக்கிடலாம். விட்டுட்டுப் போன கல்லைத் தொட்டுப் பார்த்தே எதிரி அவனைத் துரத்தலாம். ஒரே ஒரு எண்ணுல இருந்து இத்தனை காட்சி கிடைக்குது பாருங்க!

படை கடக்கறதுக்காக ஆத்தை உறைய வைக்கற காட்சி எழுதறீங்களா? 100 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் தடிமன்ல ஒரு பாதை போட்டா சுமார் 92 டன் பனி. வெளியேற சூட்டுல 92,000 லிட்டர் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டு வந்துடலாம். அதை எங்க கொட்டறீங்க? எதிரிக்கரையில கொட்டினா அதுவே ஆயுதம்.

இப்ப பாறையைத் தூக்கற மந்திரம். 1 டன் பாறையை 10 மீட்டர் உயர்த்த எவ்வளவு ஆற்றல் வேணும்னு நினைக்கிறீங்க? வெறும் 98 கிலோஜூல்! 300 மில்லி தண்ணியை உறைய வைக்கற சூடு அவ்வளவுதான். பார்க்க பிரம்மாண்டமா இருக்கறது சல்லிசு, சாதாரணமாத் தெரியறதுதான் பர்ஸைக் காலி பண்ணும். ஆனா வேகம் கேட்டா நிலைமை வேற. ஒரே நொடியில தூக்கணும்னா 98 கிலோவாட், அது ஒரு கார் இன்ஜினோட திறன். உடல் உழைப்புல ஒருத்தர் நிதானமாத் தரக்கூடிய 100 வாட்லயே தூக்கினா 16 நிமிஷம் ஆகும். அந்த 16 நிமிஷம் மந்திரவாதியைக் காப்பாத்த மத்தவங்க போராடட்டும், சண்டைக் காட்சி தானா அமைஞ்சுடும்.

"மந்திரம்தானே, இயற்பியல் எதுக்கு?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. நம்ம விதிகளை நீங்க தாராளமா உடைக்கலாம். ஆனா ஒரே இடத்துல, தெரிஞ்சு உடைங்க. சும்மா கிடைக்கற நெருப்புன்னு வைச்சா, 1 லிட்டர் தண்ணி சுமார் 1,670 லிட்டர் நீராவியா விரியும். மூடின கொப்பரையும் ஒரு நெருப்பு மந்திரவாதியும் சேர்ந்தா ரயிலே ஓட்டலாம். ஆயிரம் வருஷமா நெருப்பு மந்திரம் தெரிஞ்ச நாட்டுல இன்னும் மாட்டுவண்டிதான் ஓடுதுன்னா காரணம் சொல்லணும். மந்திரம் 3 நொடிக்கு மேல நிக்காது, இரும்புக்குப் பக்கத்துல பலிக்காது, இப்படி ஏதோ ஒண்ணு. எழுதறவங்க அதிகமாத் தடுக்கி விழற இடம் இதுதான்.

கண்ணுக்குத் தெரியாம மறையற மந்திரத்துக்கு ஒரே வரி: ஒளி மொத்தமும் உடம்பை ஊடுருவிப் போயிட்டா விழித்திரையில எதுவும் விழாது, அதனால மறைஞ்சவனுக்குக் கண்ணு தெரியாது.

உங்க கதையில வர மந்திரம் ஒண்ணைக் கமெண்ட்ல எழுதுங்க. எத்தனை கிலோ, எத்தனை மீட்டர், எத்தனை நொடின்னு மூணு எண்ணும் கட்டாயம் வேணும். பனி மந்திரம்னா சூடு எங்க போகுதுன்னும் சொல்லிடுங்க, அடுத்த வீடியோவுல கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.