மலாவி ஏரிக்கரையில் ஒரு பாம்பன் நர்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். பாம்பனிலிருந்து பேசுகிறேன். கச்சான் காற்று பலமாக இருக்கிறது, நடுவில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்ததிலிருந்து சித்தி, மாமி, பங்குக் கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "நர்ஸ் படிச்ச பிள்ளைக குவைத்துக்கும் சவுதிக்கும் போகுதுக, நீ எதுக்கும்மா ஆப்பிரிக்காவுக்குப் போன?" சம்பளம் குறைவு, உண்மைதான். திருச்சபை மருத்துவமனை என்பதால் தங்க இடமும் செலவுக்குக் கொஞ்சம் பணமும் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் அங்கே நான் செய்வது என்ன வேலை என்று சொன்னால், நம் கடற்கரை ஆட்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

மலாவி நாட்டுக்குக் கடல் கிடையாது. ஆனால் சுமார் 580 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஏரி இருக்கிறது. அதன் தென்கோடியில் மங்கோச்சி மாவட்டம். கரை முழுக்க மீனவர் குடும்பங்கள். மரப்பந்தல் கட்டி 'உசிபா' என்ற சின்ன மீனைக் காயப்போடுவார்கள். பார்த்தால் நம்ம நெத்திலிக் கருவாடு மாதிரியே இருக்கும், வாசமும் அதேதான். முதல் தடவை அந்த வாசம் அடித்தபோது அழுகை வந்துவிட்டது எனக்கு.

சரி, நோய்க்கு வருகிறேன். பில்ஹார்சியா என்று ஒன்று, ஒரு வகைப் புழுவால் வருவது. நம் ஊரில் யாருக்கும் தெரியாது. அதைப் பரப்புகிற நத்தை நல்ல தண்ணீரில்தான் வாழும், கடலில் வாழாது. நோய் இருப்பவர் தண்ணீரில் சிறுநீர் கழித்தால் புழுவின் முட்டை அதில் கலக்கும். முட்டை பொரிந்து குஞ்சு நத்தைக்குள் போகும், அங்கே ஆயிரக்கணக்கில் பெருகும். பிறகு வெளியே வந்து, தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சில நிமிடம் காலை நனைத்தாலே போதும். உச்சிவெயில் நேரத்தில்தான் நத்தையிலிருந்து அதிகமாக வெளிவரும், பிள்ளைகள் குளித்து விளையாடுவதும் அந்த நேரத்தில்தான்.

சிறுநீரில் ரத்தம் போகும். வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரைக்கும் போகலாம். இத்தனைக்கும் இதற்கு நல்ல மாத்திரை இருக்கிறது, பிராசிகுவான்டல். பள்ளிக்கூடங்களில் அதைக் கொடுக்கும் நாளை நீங்கள் பார்க்க வேண்டும். எத்தனை மாத்திரை என்று கணக்குப் போட எடை பார்க்கும் தராசு தேவையில்லை, உயரம் பார்க்க ஒரு அளவுகோல் போதும். சுவரில் சாய்த்து வைத்து, பிள்ளையை அதன் முன்னால் நிறுத்துவோம். தலை 94 சென்டிமீட்டரைத் தொட்டால் ஒரு மாத்திரை, 160-ஐத் தாண்டிவிட்டால் நான்கு. நல்ல கசப்பு, வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அதனால் முதலில் மக்காச்சோளக் கஞ்சி ஊற்றுவோம். கஞ்சி குடித்து முடித்த கையோடு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர், வாயைத் திறந்து காட்ட வேண்டும். சில பையன்கள் நுனிக்காலில் நின்று உயரத்தைக் கூட்டப் பார்ப்பார்கள், அதற்கு ஒரு மாத்திரை கூடும் என்று தெரியாமல்!

மாத்திரை வளர்ந்த புழுவைக் கொல்லும். ஆனால் மறுபடி தண்ணீரில் இறங்கினால் மறுபடி வரும். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வரும். ஒரு சுகாதார நிலையச் சுவரில் பழைய சுவரொட்டி ஒன்று ஒட்டியிருந்தது: ஏரியில் இறங்காதீர்கள். யாரிடம் சொல்கிறீர்கள் இதை? கரைவலை இழுக்கிறவனிடமா? துணி துவைக்க, பாத்திரம் கழுவ வேறு தண்ணீரே இல்லாத பெண்ணிடமா?

நம் சின்னப்பாலத்துப் பாசி எடுக்கும் அக்காமாரை நினைத்துப் பாருங்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறை இடுக்கில் கை விட்டுப் பாசி பறிக்கிறார்கள். வள்ளத்தில் மறைவிடம் கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கிக்கொண்டு இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து நீர்க்கடுப்பில் துடிப்பார்கள். அவர்களிடம் போய் "கடலுக்குப் போகாதே" என்று சொன்னால் அது வைத்தியமா? சோற்றில் கை வைக்கிற ஆலோசனையை யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் முடியாது.

அதனால் ஏரிக்கரையில் வேறு மாதிரி பேசுகிறோம். குளிக்கிற தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து இரண்டு நாள் அப்படியே வைத்தால் அந்தப் புழு செத்துவிடும், அப்புறம் தாராளமாகக் குளிக்கலாம். பிள்ளைகளை உச்சிவெயிலில் இறங்கவிடாதீர்கள். கரையை விட்டுத் தள்ளி கழிப்பறை கட்டுங்கள். இதையெல்லாம் நான் சொல்வதைவிட அந்த ஊர்ப் பெண்களே சொன்னால்தான் எடுபடும். அரசாங்கத்தின் கிராம சுகாதாரப் பணியாளர் சைக்கிளில் வருவார், அவரோடு சேர்ந்துதான் வீடு வீடாகப் போவோம். இங்கே 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறதே, அதே வழிதான்.

மீனுக்கும் இதில் பங்கு உண்டு. அந்த ஏரியில் நத்தையைத் தின்று வாழும் மீன்கள் இருந்தன. கரையோரத்தில் அளவுக்கு மீறிப் பிடித்து அந்த மீன் குறைந்தது, நத்தை பெருகியது, நோயும் கூடியது. ஆராய்ச்சியாளர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். அதனால் மீனவர் கூட்டத்துக்குப் போய் வலைக்கண்ணின் அளவைப் பற்றியும் பேசுகிறேன். நர்ஸுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் என்றால் என்ன என்று தெரிந்த ஊரில் பிறந்தவள் நான், அது அங்கே கை கொடுக்கிறது.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீன் காயப்போடும் பந்தல் நிழலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அடிவயிற்று வலி, ரத்தக்கசிவு. கெட்ட நடத்தையால் வந்த நோய் என்று புருஷன் வீட்டில் பேசுகிறார்களாம். இந்தப் புழுவின் முட்டை பெண்களின் பிறப்புறுப்பிலும் போய்த் தங்கிப் புண்ணாக்கும், பல இடங்களில் இதைப் பால்வினை நோய் என்றே நினைத்துவிடுகிறார்கள். பரிசோதனை செய்து மாத்திரை கொடுத்தோம். அது போதாது. அவள் மாமியாரை உட்காரவைத்து, நத்தை, தண்ணீர், முட்டை என்று தரையில் படம் வரைந்து காட்டினேன். அந்த அம்மா ரொம்ப நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்றார். அன்றைக்கு இரண்டு பேருக்கும் மாத்திரை.

மதம் மாற்றத்தான் போகிறீர்களா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மங்கோச்சியில் பெரும்பாலும் யாவோ மக்கள், முஸ்லிம்கள். கீழக்கரை, பெரியபட்டினம் ஆட்களோடு பழகி வளர்ந்த எனக்கு அது புதிதில்லை. காலையில் மருத்துவமனையில் ஜெபம் உண்டு, விரும்புகிறவர்கள் வரலாம். மாத்திரைக்கு ஜெபம் விலை கிடையாது. இயேசு பத்துத் தொழுநோயாளிகளைக் குணமாக்கினார், திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன்தான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திருப்பி வாங்கவில்லையே. என் விசுவாசம் அதுதான், அதை மறைக்கவும் மாட்டேன்.

அதே மாவட்டத்தில் கேப் மெக்லியர் என்ற இடத்தில் 1875-இல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் வந்து இறங்கினார்கள். கூட வந்த டாக்டர் ராபர்ட் லாஸ் அந்த நாட்டிலேயே அரை நூற்றாண்டு வேலை செய்தார். மலேரியாவில் ஆட்கள் சாகச் சாக, 1881-இல் அந்த இடத்தை விட்டு வடக்கே போனார்கள். கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. அதே மலாவியில்தான் 2019 ஏப்ரலில் குழந்தைகளுக்கான மலேரியா தடுப்பூசித் திட்டம் முதன்முதலாகத் தொடங்கியது.

வர நினைக்கும் தங்கச்சிமாருக்கு ஒன்று. பிரசவ வார்டு அனுபவம் கட்டாயம் வேண்டும், ராத்திரி டாக்டர் இல்லாத இடத்தில் நீங்கள்தான் எல்லாம். அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு, வேலை அனுமதி இரண்டும் கையில் வராமல் டிக்கெட் போடாதீர்கள். சிச்சேவா மொழி கற்றுக்கொள்ளுங்கள், மொழிபெயர்க்க ஆளை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் ரத்தக்கசிவைப் பற்றிக் கேட்க முடியாது. அப்புறம் வீட்டில் அம்மாவிடம் நேராகச் சொல்லிவிட்டு வாருங்கள், குவைத் என்று சொல்லிவிட்டு வராதீர்கள்.