சுருட்டில் விறகுப் புகை வாசனை எப்படி வருகிறது?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "நெருப்புப் புகையில் பாடம் செய்த புகையிலைச் சுருட்டு ஒன்றை முதல் தடவையாகப் பிடித்தேன். விறகு எரிகிற வாசனை அப்படியே அடித்தது. எசன்ஸ் ஏதாவது சேர்க்கிறார்களா? பாதி போவதற்குள் தலை சுற்றி வியர்த்துவிட்டது, ஏன்? மரப்புகை இயற்கையானது, அதனால் கெடுதல் குறைவு என்று ஒருவர் சொன்னார், உண்மையா? மிச்சமிருக்கும் சுருட்டுகளை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் போட்டு வைக்கலாமா?" ஒரே மூச்சில் நான்கு கேட்டுவிட்டார். பரவாயில்லை, நான்குக்கும் சம்பந்தம் இருக்கிறது.

முதலில் எசன்ஸ் விஷயம். வாசனை ஏற்றிய சுருட்டுகள் சந்தையில் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் சொல்கிற இந்த வாசனைக்கு யாரும் எதையும் ஊற்றத் தேவையில்லை. அது இலையிலேயே ஏறி உட்கார்ந்திருப்பது. சாதாரணமாகச் சுருட்டுக்குப் போகிற இலையைக் காற்றோட்டமான கொட்டகையில் தொங்கவிட்டு, தானாகக் காயவிடுவார்கள். சிகரெட்டுக்குப் போகிற இலையில் பெரும்பகுதியைக் குழாய் வழியாக வரும் சூட்டில் காயவைப்பார்கள், புகை இலையில் படாது. இது மூன்றாவது வகை: நெருப்புப் புகை நேராக இலையில் படும்படி காயவைத்துப் பாடம் செய்வது. அமெரிக்காவில் கென்டக்கியின் மேற்குப் பகுதியும் அதை ஒட்டிய டென்னசியும்தான் இதற்குப் பேர்போன இடம். அந்த வட்டாரத்துக்கே பிளாக் பேட்ச் என்று பெயர்.

அங்கே செடியைத் தண்டோடு வெட்டி, குச்சியில் கோர்த்து, உயரமான கொட்டகைக்குள் அடுக்கடுக்காகத் தொங்கவிடுகிறார்கள். இலை பழுத்து மஞ்சளாக சில நாள் விடுகிறார்கள். அப்புறம் தரையிலேயே ஹிக்கரி, ஓக் மாதிரி கடினமான மரத்துண்டுகளைப் போட்டு நெருப்பு வைத்து, அதன்மேல் ஈரமான மரத்தூளைக் கொட்டி மூடுகிறார்கள். தீ கொழுந்துவிட்டு எரியக்கூடாது. கனன்று கனன்று புகைய வேண்டும், அவ்வளவுதான். கொழுந்துவிட்டால் இலை மட்டுமில்லை, கொட்டகையே போய்விடும். அப்படிப் போன கொட்டகைகள் நிறைய. இந்தப் புகை மூட்டத்தை விட்டு விட்டுப் பல தடவை போடுவார்கள். சில நாளிலும் முடியலாம், பல வாரமும் இழுக்கலாம். அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கம் போனால் கொட்டகைக் கூரை இடுக்கெல்லாம் புகை கசிந்துகொண்டிருக்கும். விஷயம் தெரியாதவர்கள் தீப்பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

மரம் கனலும்போது வெளிவரும் பினால் வகைச் சேர்மங்கள், அதிலும் குவையகால் என்ற ஒன்று, பிசுபிசுப்பான இலையில் ஒட்டி உள்ளே இறங்கிவிடுகின்றன. புகையில் வாட்டிய கருவாட்டில் வருகிற வாசனையும் இதே சரக்குதான். அதனால் நீங்கள் தீக்குச்சியைக் கிழிப்பதற்கு முன்பே அந்தச் சுருட்டு ஒரு தடவை புகைந்து முடித்திருக்கிறது. நீங்கள் இழுப்பது இரண்டு புகை. ஒன்று புகையிலையுடையது, இன்னொன்று அந்தக் கொட்டகையில் கனன்ற மரத்துடையது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற மூன்று கேள்விக்கும் பதில் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

பிடிக்கிற அனுபவம் எப்படி என்று கேட்டால், பற்றவைக்காமல் வெறுமனே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். அப்போதே கரியும் தோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். பற்றவைத்ததும் முதல் ஒரு அங்குலம் விறகு வாசனைதான், வேறெதுவும் தெரியாது. புதிதாகப் பிடிக்கிறவர்கள் அங்கேயே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: ஒன்று, ஆகா ஓகோ, இல்லையென்றால், சே. ஆனால் மூக்கு அந்த வாசனைக்குச் சீக்கிரம் பழகிவிடும். பழகின பிறகுதான் அடியில் இருக்கிற மண்வாசனை, மிளகுக் காரம், லேசான ஒரு தித்திப்பு எல்லாம் மேலே வரும். இந்த விறகுச் சுவையை நாக்கில் தேடாதீர்கள். நாக்குக்குக் கசப்பும் கொஞ்சம் உப்பும்தான் தெரியும். புகையை வாயில் நிறுத்தி, துளியளவு மட்டும் மூக்கு வழியாக விட்டால்தான் அது என்ன மரம் என்கிற அளவுக்குத் தெரியும். துளியளவுதான். முழு வாய்ப் புகையையும் மூக்கில் விட்டால் கண்ணில் தண்ணீர் கொட்டும்.

இதிலும் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று கலப்பு: நிகராகுவாவில் சுற்றுகிற சில சுருட்டுகளில் கென்டக்கி இலையை மற்ற இலைகளோடு சேர்க்கிறார்கள். ட்ரூ எஸ்டேட் நிறுவனத்தின் கென்டக்கி ஃபயர் க்யூர்ட் அப்படிப்பட்டது. இன்னொன்று இத்தாலியின் டஸ்கன் சுருட்டு, டோஸ்கானோ. அது முழுக்க முழுக்க இந்த இலை. அந்த இலையை இத்தாலியிலேயும் விளைவிக்கிறார்கள், பெயர் மட்டும் அங்கேயும் கென்டக்கிதான். 1815-இல் ஃபிளாரன்ஸில் வெயிலில் கிடந்த புகையிலைப் பீப்பாய்கள் மழையில் நனைந்து இலை புளித்துப்போயிற்று, தூக்கிப் போட மனமில்லாமல் மலிவாகச் சுருட்டு சுற்றி விற்றார்கள், அது பிடித்துப்போனது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எவ்வளவு நிஜமோ, இலையை நனைத்துப் புளிக்கவைக்கிற வேலை இன்றைக்கும் நடக்கிறது. லூக்கா நகரில் பெண்கள் கையாலேயே சுற்றுகிறார்கள். நடுவில் பருத்து இரண்டு முனையும் சிறுத்து, கோணல்மாணலாக, பார்க்க அழகே இருக்காது. நடுவில் இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி பிடிப்பது அங்கே சர்வசாதாரணம். என்னைக் கேட்டால் முதல் தடவை பிடிப்பவருக்கு அந்தப் பாதியே அதிகம்.

இப்போது தலை சுற்றல். நண்பரே, அது நிகோடின், சந்தேகமே வேண்டாம். இந்த வகைச் செடிக்கு உரம் அதிகம், கொழுந்தைக் கிள்ளிவிடுவார்கள். அதனால் இருக்கிற இலை தடித்து, கறுத்து, நிகோடின் ஏறிப்போய் நிற்கும். மெதுவாகப் பாடம் ஆகும்போது இலையில் இருந்த சர்க்கரையும் தீர்ந்துவிடும். சர்க்கரை குறைந்த இலையின் புகை காரத்தன்மை கொண்டது (மிளகுக் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான தன்மை). காரத்தன்மையான புகையில் இருக்கிற நிகோடின் வாய்த்தோல் வழியாகவே ரத்தத்துக்குள் போய்விடும். "நான் உள்ளே இழுக்கவே இல்லையே" என்று பலர் சொல்வார்கள். இழுக்க வேண்டிய அவசியமே இல்லை! நீங்கள் வெறும் வயிற்றில் பிடித்திருப்பீர்கள், அதோடு சிகரெட் வேகத்தில் இழுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நிமிடத்துக்கு ஒரு இழுப்பே இதற்கு ஜாஸ்தி. வியர்வை, விக்கல், குமட்டல் வந்தால் அது "போதும்" என்று உடம்பு சொல்வது. கீழே வைத்துவிட்டு உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். காசு போட்டு வாங்கியாயிற்றே என்று முடித்துவிட்டுத்தான் எழுவேன் என்று அடம்பிடிக்காதீர்கள். இடையில் அணைந்துபோனால் சாம்பலைத் தட்டிவிட்டுத் திரும்பப் பற்றவைக்கலாம், ஆனால் மறுபடி பற்றவைத்த புகை முன்னைவிடக் கரகரவென்று இருக்கும்.

மரப்புகை இயற்கை, அதனால் கெடுதல் குறைவு என்று சொன்னவரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், விஷயம் தலைகீழ். வாசனையைக் கொண்டுவந்த அதே மரப்புகைதான் பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் என்கிற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வகையறாவையும் இலையில் படியவைக்கிறது. பற்றவைப்பதற்கு முன்பே அது அங்கே இருக்கிறது. புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்களும் இந்த வகை இலையில் அதிகம். அவற்றில் என்.என்.என்., என்.என்.கே. என்ற இரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பெரிய சுருட்டு ஒன்றிலேயே ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலை இருக்கலாம். உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்க்கு ஆபத்து இருக்கிறது. நான் இதைப் பற்றி ரசித்துப் பேசுகிறேன் என்பதற்காக இதை மழுப்ப முடியாது. பிடிக்காதவர்கள் தொடங்க வேண்டாம். பிடிப்பவர்கள் கெடுதல் குறைவு என்ற கணக்கில் இதற்கு மாறவே வேண்டாம்.

கடைசியாகப் பெட்டி. ஒன்றாக வைக்காதீர்கள். இந்த வாசனை காற்றில் கிளம்பி, பக்கத்தில் இருக்கிற மென்மையான சுருட்டுகளில் ஏறிவிடும். குறிப்பாக வெளிர்நிற மேலிலை போட்டவை சில வாரத்திலேயே புகை நாறும். பெட்டிக்குள் இருக்கிற மரப்பலகையிலும் ஏறிவிட்டால் அப்புறம் அதைப் போக்குவது பெரும்பாடு. கலப்பு வகை என்றால் இறுக்கமாக மூடுகிற தனி டப்பாவில், ஈரப்பதம் காக்கிற பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். டோஸ்கானோ என்றால் அதுவும் தேவையில்லை. அது காய்ந்தே விற்கப்படுகிற சுருட்டு, வாங்கின அட்டைப்பெட்டியிலேயே மேஜை இழுப்பறையில் கிடக்கலாம். ஈரப்பதம் காக்கிற சுருட்டுப் பெட்டியில் போட்டால் ஊறிப்போய், இழுக்கவும் வராது, ஒழுங்காக எரியவும் செய்யாது.